ஜெயில் சிங்கைத் தப்பவிடும் தீர்ப்பு

1982 முதல் 1987 வரை இந்தியாவின் ஏழாவது குடியரசுத் தலைவராக இருந்த கியானி ஜெயில் சிங், இந்திரா காந்தியின் கையிலிருந்த ரப்பர் ஸ்டாம்ப் என்பதும், இந்திரா மறைந்த பிறகு ராஜீவ் காந்தி தம்மை மதிக்காததால் வஞ்சம் தீர்த்துக்கொள்ள முயன்றவர் என்பதும் இன்று எவரும் சான்று கேட்காமல் ஒப்புக்கொள்ளும் தீர்ப்பாகிவிட்டன. குடியரசுத் தலைவர் தேர்தல் வரும்போதெல்லாம், எத்தகையவர் அந்தப் பதவியில் அமரக் கூடாது என்பதற்கு அவருடைய பெயரே முதலில் எடுத்துக்காட்டப்படுகிறது.

இத்தீர்ப்பைச் சொல்வோரிடம் வலுவான ஆதாரங்கள் உள்ளன. அவற்றை மறைத்துவிட்டு மறுப்பது நேர்மையாகாது. தலைவி சொன்னால் துடைப்பத்தை எடுத்துப் பெருக்கவும் தயார் என்னும் பொருள்பட ஜெயில் சிங்கே பேசியிருக்கிறார். அவரை எதிர்த்து நின்ற எச். ஆர். கன்னா, நெருக்கடி நிலையின்போது சிறைவைக்கப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனு வழியே நீதிமன்றத்தை அணுக முடியாது என்று 1976 ஏப்ரலில் உச்ச நீதிமன்ற அமர்வின் மற்ற நான்கு நீதிபதிகள் கூறியபோது, தனியொருவராக மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர். அப்படிப்பட்டவருக்கு 2,82,685 வாக்கு மதிப்பையும் ஜெயில் சிங்குக்கு 7,54,113 வாக்கு மதிப்பையும் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள் அளித்தார்கள். 1984 ஜூனில் பொற்கோயிலுக்குள் இராணுவம் நுழைந்தபோது அவர் பதவி விலகவில்லை. அதே ஆண்டு இந்திரா கொல்லப்பட்ட அக்டோபர் 31 அன்று, காங்கிரஸ் நாடாளுமன்றக் கட்சி தன் தலைவரைத் தேர்ந்தெடுக்கும்வரை காத்திராமல் ராஜீவுக்குப் பிரதமராகப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். அடுத்த மூன்று நாட்கள் டெல்லியில் சீக்கியர்கள் கொல்லப்பட்டபோது அவரால் எதையும் தடுக்க முடியவில்லை. இவ்வளவு பணிந்தவர் 1986இல் ஓர் அஞ்சலக மசோதாவுக்கு மட்டும் ஒப்புதல் தராமல் இருந்தார் என்றால், அது கொள்கையல்ல, மனக்கசப்பே என்பது இவர்களுடைய முடிவு.

இத்தீர்ப்பு மிகக் கடுமையானது என்பது இக்கட்டுரையின் வாதமன்று. அது மிக மென்மையானது என்பதே வாதம். தானாக எதையும் செய்யாத கருவி எதற்கும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. ஆகவே ஜெயில் சிங்கைக் கருவியாக்குவோர், அவர் பதில் சொல்லியே ஆக வேண்டிய செயல்களிலிருந்து அவரை விடுவிக்கிறார்கள், அவருக்குச் சேர வேண்டிய சிறு பெருமையையும் பறிக்கிறார்கள், அந்தப் பதவியின் அமைப்பிலேயே உள்ள குறையை ஒரு மனிதரின் குணக்குறையாக மாற்றி மூடிவிடுகிறார்கள்.

1. இந்திராவால் உருவாக்கப்பட்டவர் என்பது உண்மையா? 1916இல் ஃபரீத்கோட் சமஸ்தானத்தின் சந்த்வான் சிற்றூரில் தச்சுத் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவர் அவர். சீக்கிய மறைநூலைக் கற்றுத் தேர்ந்தவர்க்குரிய கியானி என்ற பட்டமே அவருடைய கல்வித் தகுதி. சமஸ்தானங்களில் மன்னரை எதிர்த்துக் கட்சி நடத்துவது பிரிட்டிஷ் இந்தியாவில் கட்சி நடத்துவதைவிட ஆபத்தானதாக இருந்த காலத்தில், 1938இல் ஃபரீத்கோட்டில் காங்கிரஸ் கிளையைத் தொடங்கியதற்காக ஐந்தாண்டு சிறையில் கிடந்தார். பாட்டியாலா உள்ளிட்ட சமஸ்தானங்களை இணைத்து 1948இல் அமைக்கப்பட்ட பெப்சு மாநிலத்தில் அவர் அமைச்சரானபோது இந்திரா காந்தி அரசுப் பதவி எதையும் வகிக்கவில்லை. 1972 மார்ச்சில் பஞ்சாப் முதலமைச்சரான அவர், 1977 ஏப்ரல் 30 அன்று ஜனதா அரசு ஒன்பது மாநிலக் காங்கிரஸ் ஆட்சிகளைக் கலைக்கும்வரை பதவியில் இருந்தார். 1966இல் மாநிலம் மறுசீரமைக்கப்பட்ட பிறகு அங்கே ஐந்தாண்டுகள் தொடர்ந்து ஆண்ட முதல் முதலமைச்சர் அவரே. நிலவுடைமை வலுமிக்க ஜாட் சமூகத்தின் பிடியில் உள்ள பஞ்சாப் அரசியலில், பிற்பட்ட ராம்கடியா பிரிவைச் சேர்ந்த ஒருவர் இதைச் சாதித்தது டெல்லியின் தயவால் மட்டும் நடந்திருக்க முடியாது. அவருக்குப் பிறகு ஜாட் அல்லாத ஒருவர் அந்த நாற்காலியில் அமர 2021 வரை, சரண்ஜித் சிங் சன்னியின் வருகை வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

அவர் ஆண்ட விதமும் ஒரு கருவியின் விதமன்று. சீக்கியர்களின் சமய உணர்வுக்குத் தாமே உரிமையாளர் என்று அகாலி தளம் கொண்டிருந்த உரிமையை, அதே களத்தில் இறங்கிப் பறிக்க முயன்றவர் அவர். குரு கோவிந்த் சிங் சென்ற வழித்தடத்தை அனந்த்பூர் சாகிபிலிருந்து தம்தமா சாகிப் வரை ஒரு நெடுஞ்சாலையாக்கி 1973இல் பெரும் ஊர்வலத்துடன் திறந்தார். பஞ்சாபின் முன்னாள் துணைநிலை ஆளுநர் மைக்கேல் ஓ’ட்வயரைச் சுட்டுக்கொன்றதற்காக 1940இல் லண்டனில் தூக்கிலிடப்பட்ட ஊதம் சிங்கின் எச்சங்கள் 1974இல் தாயகம் வந்தது அவருடைய ஆட்சியில்தான். நெருக்கடி நிலையை எதிர்த்து 1975 ஜூலையில் அகாலிகள் போராட்டம் தொடங்கியபோது அவர்களைச் சிறையில் அடைத்ததும் அவருடைய அரசே. இவற்றில் சில பாராட்டத்தக்கவை, சில கண்டிக்கத்தக்கவை. எதுவும் பிறர் கையால் விழுந்த முத்திரையன்று.

மாநில அரசியலிலிருந்து வந்தவர், ஆங்கிலம் சரளமாகப் பேசாதவர், ஆகவே பணியவே பிறந்தவர் என்ற ஏளனமும் இந்தத் தீர்ப்பின் அடியில் கிடக்கிறது. நெருக்கடி நிலைப் பிரகடனத்தில், அமைச்சரவை கூடி முடிவெடுப்பதற்கு முன்பே, 1975 ஜூன் 25 இரவில் கையெழுத்திட்ட ஃபக்ருதீன் அலி அகமது கேம்பிரிட்ஜில் படித்த வழக்கறிஞர். அதே மாநில அரசியலின் வார்ப்பான நீலம் சஞ்சீவ ரெட்டியோ, ஆந்திர முதலமைச்சராக இருந்து குடியரசுத் தலைவரானவர். 1979 ஆகஸ்டில் ஜெகஜீவன் ராமுக்கு வாய்ப்பளிக்காமல், நாடாளுமன்றத்தை ஒருமுறையும் எதிர்கொள்ளாத பிரதமர் சரண் சிங்கின் ஆலோசனைப்படி மக்களவையைக் கலைத்தார். அந்த முடிவு சரியா தவறா என்பது வேறு விவாதம். பணிவுக்கும் துணிவுக்கும் படித்த கல்லூரியிலோ பிறந்த ஊரிலோ காரணம் தேடுவோருக்கு இந்த இருவரும் விடையளிக்கிறார்கள்.

2. அவர் உண்மையில் பதில் சொல்ல வேண்டியது எங்கே? குடியரசுத் தலைவர் மாளிகையில் அல்ல, 1980 ஜனவரி முதல் 1982 ஜூன் வரை அவர் அமர்ந்திருந்த உள்துறை அமைச்சகத்தில். அகாலிகளின் செல்வாக்கைக் குலைக்கத் தகுந்த ஒரு சமயத் தலைவரைச் சஞ்சய் காந்தியும் ஜெயில் சிங்கும் தேடினார்கள் என்றும், அந்தத் தேடலில் ஜர்னைல் சிங் பிந்த்ரன்வாலே வளர்க்கப்பட்டார் என்றும் 1985இல் எழுதிய நூலில் மார்க் டல்லியும் சதீஷ் ஜேக்கப்பும் குற்றம்சாட்டினார்கள். அக்குற்றச்சாட்டின் ஒவ்வொரு விவரத்தையும் ஏற்க வேண்டியதில்லை. 1981 செப்டம்பர் 9 அன்று பத்திரிகை அதிபர் லாலா ஜகத் நாராயண் கொல்லப்பட்டார். அவ்வழக்கில் அதே மாதம் கைதான பிந்த்ரன்வாலே அக்டோபர் 15 அன்று விடுவிக்கப்பட்டார். அவருக்கு எதிராக ஆதாரமில்லை என்று நாடாளுமன்றத்தில் கூறியவர் உள்துறை அமைச்சர் ஜெயில் சிங். பஞ்சாபை அப்போது ஆண்ட தர்பாரா சிங் அவருடைய சொந்தக் கட்சிக்காரர், ஆனால் நெடுநாள் போட்டியாளர். இருவருக்கும் இடையிலான பகை மாநில நிர்வாகத்தின் கையைக் கட்டிப்போட்டது. அமைச்சரவையின் ஆலோசனை என்ற கவசம் இங்கே எவருக்கும் இல்லை, ஏனெனில் துறை அவருடையது, கையொப்பம் அவருடையது, உள்ளூர்க் கணக்கும் அவருடையது. ஏவலாளி என்ற பட்டம் இந்த இரண்டரை ஆண்டுகளைத்தான் முதலில் மறக்கச் செய்கிறது. இவ்வரலாற்றில் மிகக் கனமான பக்கம் அதுவே.

3. பொற்கோயில் நடவடிக்கையை அவர் தடுத்திருக்க வேண்டாமா? தடுக்க வேண்டுமானால் முதலில் தெரிந்திருக்க வேண்டும். 1983 அக்டோபர் 6 முதல் பஞ்சாப் குடியரசுத் தலைவர் ஆட்சியின் கீழ் இருந்தது. அதாவது அந்த மாநிலம் அவருடைய பெயரிலேயே ஆளப்பட்டது. முப்படைகளின் தலைமையும் அரசியலமைப்பின் 53ஆவது பிரிவின்படி அவரிடமே இருந்தது. ஆயினும் இராணுவத்தைப் பொற்கோயிலுக்குள் அனுப்பும் முடிவு அவருக்கு முன்கூட்டித் தெரிவிக்கப்படவில்லை. அமைச்சரவையின் முடிவுகள் அனைத்தையும் குடியரசுத் தலைவருக்குத் தெரிவிப்பதும், அவர் கேட்கும் தகவலைத் தருவதும் பிரதமரின் கடமை என்று 78ஆவது பிரிவு கூறுகிறது. கடமையை மீறினால் என்ன ஆகும் என்று எந்தப் பிரிவும் கூறவில்லை. ஆகவே 1984 ஜூனில் வெளிப்பட்டது ஒரு மனிதரின் கோழைத்தனம் என்பதைவிட, பெயரளவு அதிகாரத்தையும் உண்மை அதிகாரத்தையும் பிரித்துவைத்து இரண்டுக்கும் நடுவிலுள்ள ஒரே பாலத்தைப் பிரதமரின் விருப்பத்துக்கு விட்டுவிட்ட ஏற்பாட்டின் குறை என்பதே பொருந்தும்.

அவர் பதவி விலகியிருக்கலாம் என்ற வாதம் இதைவிட வலுவானது. அமரீந்தர் சிங் தம் மக்களவை உறுப்பினர் பதவியையும் காங்கிரஸையும் துறந்தார். குஷ்வந்த் சிங் பத்ம பூஷண் விருதைத் திருப்பியளித்தார். ஜெயில் சிங்கும் விலகியிருந்தால் சீக்கியர்களின் காயத்துக்கு அது ஓரளவு மருந்தாகியிருக்கும் என்பதை மறுக்க இயலாது. ஆனால் சீக்கியர் ஒருவர் குடியரசின் உச்சப் பதவியைத் துறந்து வெளியேறினார் என்ற செய்தி 1984இன் பஞ்சாபில் யாருக்குப் பயன்பட்டிருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பிரிவினை கோரியவர்கள் சொல்லிவந்ததற்கு அதைவிடப் பெரிய சான்று கிடைத்திருக்காது. அந்த ஆண்டு செப்டம்பரில் சீக்கிய சமயத் தலைமை அவரைத் தன்கையா, அதாவது சமய ஒழுக்கத்தை மீறிய குற்றவாளி, என்று அறிவித்தது. ஒருபுறம் சொந்தச் சமயம் அவரைக் குற்றவாளியாக்க, மறுபுறம் சொந்தக் கட்சி அவரைச் சந்தேகத்துடன் பார்த்த நிலையில் பதவியில் நீடித்தது எளிதான வழியாக இருந்திருக்க முடியாது.

4. அக்டோபர் 31 மாலை அவர் யாருடைய ஆலோசனைப்படி நடந்தார்? ரப்பர் ஸ்டாம்ப் வாதம் தர்க்க அளவிலேயே உடையும் இடம் இது. அமைச்சரவையின் ஆலோசனைப்படியே குடியரசுத் தலைவர் செயல்பட வேண்டும் என்று 1976இன் 42ஆவது திருத்தம் கட்டாயமாக்கியது. அந்த ஆலோசனையை மறுபரிசீலனைக்கு ஒருமுறை திருப்பியனுப்பலாம் என்று 1978இன் 44ஆவது திருத்தம் சேர்த்தது. ஆனால் பிரதமர் இறந்த கணத்தில் அவருடைய அமைச்சரவையும் இல்லாமற் போகிறது. புதிய பிரதமரை 75ஆவது பிரிவின்கீழ் நியமிக்கும் அந்த இடைவேளையில் குடியரசுத் தலைவருக்கு ஆலோசனை கூறும் தகுதி எவருக்கும் இல்லை. 1964இல் நேரு மறைந்தபோதும் 1966இல் சாஸ்திரி மறைந்தபோதும் மூத்த அமைச்சர் குல்சாரிலால் நந்தா தற்காலிகப் பிரதமராக்கப்பட்டார். கட்சி தன் தலைவரைத் தேர்ந்தெடுத்த பிறகே நிலையான நியமனம் நடந்தது. யேமன் பயணத்தைப் பாதியில் முடித்துத் திரும்பிய ஜெயில் சிங், இந்த மரபைத் தாமாகவே கைவிட்டார்.

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. அவர் திரும்பும்வரை காத்திராமல் துணைக் குடியரசுத் தலைவர் வெங்கட்ராமனைக் கொண்டே ராஜீவுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைக்க வேண்டும் என்று அருண் நேரு விரும்பியதையும், அதைத் தாம் ஏற்காததையும் இந்திராவின் முதன்மைச் செயலர் பி. சி. அலெக்சாண்டர் பதிவு செய்திருக்கிறார். சொன்னபடி விழும் முத்திரை என்று ராஜீவின் நெருங்கிய வட்டமே அவரை நம்பவில்லை. அந்த மாலையில் அவர் செய்தது தவறு: கட்சியின் முறையான முடிவுக்கு முன், ஒரு குடும்பத்துக்குள் ஆட்சி சில மணி நேரத்தில் கைமாறுவதற்கு அரசியலமைப்பின் முத்திரையை அவர் வழங்கினார். ஆனால் அது அவருடைய தவறு, அவர் சுயமாக எடுத்த முடிவின் தவறு. ஏவலால் நடந்தது என்று அதைக் கழித்துவிட வழியில்லை.

5. டெல்லிப் படுகொலைகளின்போது அவர் ஏன் அசையவில்லை? மருத்துவமனைக்குச் சென்ற அவருடைய வாகன வரிசையே அன்று கல்லெறிக்கு உள்ளானது. டெல்லியில் மட்டும் 2,733 பேர் கொல்லப்பட்டதாக அரசே பின்னர் ஏற்ற கணக்கு கூறுகிறது. அந்நகரின் காவல்துறை மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் இருந்தது, அமைச்சர் பி. வி. நரசிம்ம ராவ், பிரதமர் ராஜீவ் காந்தி. ஆணையிடும் அதிகாரம் இருந்தும் ஆணையிடாதவர்களைப் பற்றிய கேள்வியை, ஆணையிட அதிகாரமே இல்லாதவரின் பலவீனத்தைப் பற்றிய பேச்சாக மாற்றுவது கொல்லப்பட்டவர்களுக்கு இழைக்கும் அநீதி.

6. 1985க்குப் பிறகு அவர் செய்தவை அனைத்தும் பழிவாங்கலா? பிரதமர் குடியரசுத் தலைவரைச் சந்தித்து அரசு நடவடிக்கைகளை விளக்கும் மரபை ராஜீவ் பெரும்பாலும் கைவிட்டார். தமக்குத் தகவல் தரப்படுவதில்லை என்று ஜெயில் சிங் பிரதமருக்கு எழுதிய கடிதம் 1987 மார்ச் 13 அன்று இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழில் வெளியாயிற்று. அடுத்த மாதமே போஃபர்ஸ் பீரங்கி பேரத்தில் கையூட்டு வழங்கப்பட்டதாக ஸ்வீடன் வானொலி அறிவித்தது, அமைச்சரவையிலிருந்து வி. பி. சிங் வெளியேறியிருந்தார், பிரதமரைப் பதவிநீக்கம் செய்யும்படி குடியரசுத் தலைவரைப் பலரும் தூண்டினார்கள். குடியரசுத் தலைவரின் விருப்பம் உள்ளவரை அமைச்சர்கள் பதவியில் இருப்பார்கள் என்ற 75ஆவது பிரிவின் சொற்கள் அதற்கு இடந்தருவதாக வாதிட்டவர்களும் இருந்தார்கள். வஞ்சம்தான் அவரை இயக்கியது என்றால், அதைத் தீர்த்துக்கொள்ள இதைவிட ஏற்ற தருணம் எது? மக்களவையில் 400க்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் ஆதரவுள்ள பிரதமரை நீக்குவது நாடாளுமன்ற ஆட்சிமுறையையே சாய்த்துவிடும் செயல். அவர் அதைச் செய்யவில்லை, இரண்டாம் முறை போட்டியிடவும் இல்லை. 1987 ஜூலை 25 அன்று பதவிக்காலம் முடிந்து வெளியேறினார். பணிந்தவர் என்றும் பழிவாங்கியவர் என்றும் ஒரே மூச்சில் கூறுவோர், இந்த நான்கு மாதங்களுக்கு இதுவரை விளக்கம் அளித்ததில்லை.

7. அஞ்சலக மசோதாவைக் கிடப்பில் போட்டது சரியா? இங்கே பாராட்டுவோர், பழிப்போர் இருவருக்குமே மறுப்பு தேவைப்படுகிறது. 1898ஆம் ஆண்டு அஞ்சலகச் சட்டத்தின் 26ஆவது பிரிவு, பொது நெருக்கடி நேர்ந்தாலோ பொதுப் பாதுகாப்பும் அமைதியும் வேண்டினாலோ அஞ்சல்களை இடைமறிக்க அரசுக்கு அதிகாரம் தந்திருந்தது. 1986இல் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றிய திருத்தம் அந்தக் காரணங்களின் பட்டியலை மிக விரித்தது. ஜெயில் சிங் ஒப்புதலும் தரவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. காலவரம்பு எதையும் 111ஆவது பிரிவு விதிக்காததைப் பயன்படுத்தி மசோதாவை வைத்துக்கொண்டார். பாக்கெட் வீட்டோ என்று சொல்லப்படுவது இதுவே. பழிப்போர் அவருடைய மனக்கசப்பை ஆராய்கிறார்கள். மசோதா நல்லதா என்ற கேள்விக்கு அதைத் தடுத்தவரின் மனநிலை விடையாகாது. குடிமக்களின் கடிதங்களைப் பிரித்துப் படிக்கும் அந்த விரிந்த அதிகாரம் நடைமுறைக்கு வராமற் போனது இந்தியாவுக்கு நன்மை.

ஆனால் பாராட்டுவோர் அந்த மௌனத்தையே முன்மாதிரியாக்கும்போது பெரும் பிழை செய்கிறார்கள். தமிழ்நாட்டு வாசகருக்கு இது நன்கு விளங்கும். சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாக்களை ஆளுநர் காலவரையின்றி வைத்துக்கொண்டதை எதிர்த்து மாநில அரசு தொடுத்த வழக்கில் 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் பத்து மசோதாக்களை ஒப்புதல் பெற்றவையாக அறிவித்தது. அதே ஆண்டு நவம்பர் 20 அன்று அரசியல்சாசன அமர்வு, ஆளுநருக்கோ குடியரசுத் தலைவருக்கோ நீதிமன்றம் காலவரம்பு விதிக்க முடியாது என்று கருத்துரைத்தது. கிண்டியில் தவறாகும் மௌனம் டெல்லியில் அறமாகிவிடாது. குடியரசுத் தலைவர் தேர்ந்தெடுக்கப்பட்டவர், ஆளுநர் நியமிக்கப்பட்டவர் என்ற வேறுபாடு உண்டு. காரணம் கூறாமல் சட்டமியற்றும் அவையின் முடிவை முடக்கிவைப்பதை நியாயப்படுத்த அந்த வேறுபாடு போதாது. காரணங்களுடன் மசோதாவைத் திருப்பியனுப்பியிருந்தால், ராஜீவின் பெரும்பான்மை அதை மீண்டும் நிறைவேற்றியிருக்கும், அதன்பின் ஜெயில் சிங் கையெழுத்திட்டே ஆக வேண்டியிருந்திருக்கும் என்பது மெய். தோற்றாலும் அந்தக் காரணங்கள் பதிவாகியிருக்கும். அடுத்து வரும் அரசு அவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். வெற்றிபெற்ற மௌனம் அப்படி எதையும் விட்டுச்செல்லவில்லை.

மசோதாவை நாடாளுமன்றத்துக்குத் திருப்பியனுப்பும் வேலையை 1990 ஜனவரியில் செய்தவர், பட்டுக்கோட்டையை அடுத்த ராஜாமடத்தில் பிறந்து காமராஜர் அமைச்சரவையில் தொழில்துறையைக் கவனித்த, ஜெயில் சிங்கைப் போலவே மாநில அரசியலில் வளர்ந்த, அவருக்கு அடுத்த குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன். 2002இல் வாஜ்பாய் அரசு அதைத் திரும்பப் பெற்றது. அந்த அதிகாரம் 2023ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டத்தில் 9ஆவது பிரிவாக மீண்டும் எழுதப்பட்டது. அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் 2023 டிசம்பர் 24 அன்று கிடைத்தது, சட்டம் 2024 ஜூன் 18 முதல் நடைமுறையில் உள்ளது.